மதாம் பொம்பதூர்: பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18ஆம் நூற்றாண்டு பிரான்ஸைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும், பேச்சு கடைசியில் இந்த ஒரு பெண்ணிடம்தான் போய் நிற்கிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றில் பாதி, "நாட்டைக் கெடுத்ததே அவள்தானே" என்ற தீர்ப்போடேயே வருகின்றன. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பது பதில்களில் இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பொம்பதூர்ங்கிறது யாரு? பிரான்ஸ் ராணியா?

ராணி இல்லை. ராணியின் பெயர் மரி லெஸ்ஸின்ஸ்கா. போலந்தில் அரசராக இருந்து பதவி இழந்தவரின் மகள். 1725இல் பதினைந்தாம் லூயியை மணந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். பொம்பதூர் அதே அரசரின் ஆசைநாயகி. 1745இல் வெர்சாய் அரண்மனைக்குள் வந்தவர், 1764இல் கண் மூடும்வரை அங்கிருந்து வெளியேறவே இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் ழான் அந்துவானெத் புவாசோன். 1721 டிசம்பர் 29 அன்று பாரிஸில் பிறந்தார். பொம்பதூர் என்பது வாரிசில்லாமல் போன ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் பட்டம். அரசர் அந்தப் பட்டத்தையும் அதற்குரிய நிலத்தையும் 1745இல் இவருக்குக் கொடுத்தார்.

ஆசைநாயகிக்கு அரண்மனையில பதவி வேறயா? பேசாம ராஜா ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே?

பண்ணிக்கொள்ள முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையில் மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொரு திருமணம் செல்லாது. அரச குடும்பத் திருமணங்களோ நாடுகளுக்கு இடையேயான ஒப்பந்தங்கள். மணமக்களின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. இந்த இடைவெளியில்தான் 'அதிகாரபூர்வ ஆசைநாயகி' என்ற இடம் உருவாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் ஏழாம் சார்லஸின் காதலியாக இருந்த அக்னேஸ் சொரேலை இந்த வரிசையில் முதல் ஆளாகச் சொல்வார்கள். அரண்மனையில் தங்குமிடம், மானியம், அரசவையில் முறையான அறிமுகம் எல்லாம் உண்டு. பொம்பதூருக்கு அந்த அறிமுகம் 1745 செப்டம்பர் 14 அன்று நடந்தது. அரசர் முன்னால் மட்டுமல்ல, ராணியின் முன்னாலும் போய் வணங்கி நிற்க வேண்டியிருந்தது.

அரசவைக்கு அதிர்ச்சி தந்தது அவருடைய பிறப்பு. அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர்கள் நெல் என்ற உயர்குடிக் குடும்பத்துச் சகோதரிகள். இவரோ பணக்காரர்களிடம் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்து மனிதரின் மகள். அரசர் தவறு செய்வதை ஏற்றுக்கொண்டவர்களால், அந்தத் தவறைப் பட்டம் இல்லாத வீட்டுப் பெண்ணோடு செய்ததை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ராஜா கண்ணுல எப்படிப் பட்டாங்க? யாரோ குறி சொன்னதாக் கதை இருக்கே?

அந்தக் கதைக்கு ஓர் ஆதாரம் உண்டு. ஒன்பது வயதில் ஒரு குறிகாரி, "இவள் ஒரு ராஜாவின் மனதை ஆள்வாள்" என்றாளாம். அதிலிருந்து வீட்டில் 'குட்டி ராணி' என்றே கூப்பிட்டார்கள். பிற்காலத்தில் பொம்பதூரின் கணக்கில் லெபோன் என்ற பெண்ணுக்கு 600 லீவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சு நாணயம்) உதவித்தொகை எழுதப்பட்டிருக்கிறது. காரணம், அந்தக் குறி.

ஆனால் குறியால் மட்டும் யாரும் வெர்சாய்க்குப் போய்விட முடியாது. அப்பா தானிய வியாபார ஊழலில் சிக்கி நாட்டைவிட்டு ஓடிவிட்டார். அதன்பின் குடும்பத்தைத் தாங்கியவர் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்துச் செல்வம் சேர்த்த லெ நொர்மான் த தூர்னெம். பாட்டு, நடிப்பு, ஓவியம் எல்லாவற்றுக்கும் நல்ல ஆசிரியர்களை வைத்தார். அவருடைய உறவினரையே பெண் மணந்ததால் எத்தியோல் என்ற ஊரில் ஒரு மாளிகையும் அமைந்தது. அது அரசர் வேட்டையாடும் செனார் காட்டை ஒட்டிய ஊர். வேட்டைக்கு வரும் அரசர் கண்ணில் இவர் பலமுறை பட்டிருக்கிறார். 1744 டிசம்பரில் அரசரின் அப்போதைய காதலி இறந்தார். 1745 பிப்ரவரி 25 இரவு, இளவரசர் திருமணத்தை ஒட்டி வெர்சாயில் மாறுவேட நடனம். அரசரும் சிலரும் கத்தரித்துவிட்ட யூ மரம்போல வேடமிட்டு வந்தார்கள். எந்த மரத்துக்குள் அரசர் என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்க, அந்த மரம் எத்தியோல் அம்மையாரோடு, அதாவது பின்னாளில் பொம்பதூர் ஆன இவரோடு, பேசிக்கொண்டிருந்தது.

அவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்துச்சாமே? புருஷன் சும்மாவா இருந்தார்?

ஆமாம். 1741இல், 19 வயதில், தூர்னெமின் சகோதரர் மகன் சார்ல் கியோம் லெ நொர்மான் தெத்தியோலைத் திருமணம் செய்திருந்தார். ஒரு மகன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். மகள் அலெக்சாந்த்ரீன் 1744இல் பிறந்தாள். கணவர் உடைந்துபோனார் என்றே தெரிகிறது. ஆனால் அரசரை எதிர்த்து ஒரு குடிமகன் என்ன செய்ய முடியும்? 1745இலேயே நீதிமன்றம் வழியாகச் சொத்தும் வாழ்க்கையும் பிரிக்கப்பட்டன.

பத்து ஆண்டுகள் கழித்து ஒரு திருப்பம். பாவமன்னிப்பு வேண்டுமானால் கணவரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு சேசு சபைப் பாதிரியார் நிபந்தனை விதித்தார். பொம்பதூர் கணவருக்குக் கடிதம் எழுதினார். அவர் மரியாதையாக, வேண்டாம் என்று பதில் போட்டார்.

ராணி எப்படிப் பொறுத்துக்கிட்டாங்க?

முந்தைய காதலிகள் ராணியை அவமதித்தார்கள், இவர் மதித்தார். ராணிக்குப் பூங்கொத்து அனுப்புவது, அரசரிடம் சொல்லி ராணியின் கடன்களை அடைக்க வைப்பது என்று சின்னச் சின்னதாக நிறையச் செய்தார். ஒரு ஆசைநாயகி இருந்தே தீர வேண்டுமென்றால் இவரே இருக்கட்டும் என்ற மனநிலைக்கு ராணி வந்தார். 1756இல் பொம்பதூர் ராணியின் தோழியர் குழுவிலேயே பதவி பெற்றார்.

அஞ்சு வருஷத்துல உறவே முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி அத்தனை வருஷம் அங்கேயே இருந்தாங்க?

உடல் உறவு 1750 வாக்கில் நின்றுவிட்டது உண்மைதான். அவருக்கு உடம்பு எப்போதும் பலவீனம். மூச்சிரைப்பு, இருமல், அடுத்தடுத்த கருச்சிதைவுகள். வேறு யாராக இருந்தாலும் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவர் தோழியாக, ஆலோசகராகத் தன் இடத்தை மாற்றிக்கொண்டார். 1752இல் அவருக்கு டச்சஸ் தகுதி கிடைத்தது, அதாவது காதல் முடிந்த பிறகு.

காரணம் அரசரின் சுபாவம். ஐந்து வயதில் அரியணை ஏறியவர். அதற்குள் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்தவர். கூச்சமும் சலிப்பும் அவரைவிட்டுப் போனதே இல்லை. பழகிய ஒரே குரல் பக்கத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. பொம்பதூர் மாடியில் சிறிய நாடக அரங்கம் அமைத்துத் தானே நடித்தார், பாடினார்; பயணம், விருந்து, புதுக் கட்டடம் என்று அவருடைய நாட்களை நிரப்பினார். வெளியில் இருப்பவர்களுக்கு இது கேளிக்கை. அவருக்கு ஓய்வே இல்லாத வேலை. 1754இல் மகள் அலெக்சாந்த்ரீன் ஒன்பது வயதில் திடீரென்று இறந்தாள், சில நாட்களில் பொம்பதூரின் அப்பாவும் போனார். அப்போதும் அரசவை வேலையை அவரால் நெடுநாள் விட்டுவைக்க முடியவில்லை.

ராஜாவுக்குச் சின்னப் பொண்ணுங்களைச் சேர்த்துவிட்டதே அவங்கதான்னு படிச்சேனே?

வெர்சாய் நகரில் 'பார்க் ஓ செர்ஃப்' என்ற பகுதியில் அரசருக்கு ஒரு சிறு வீடு இருந்தது. அங்கே இளம் பெண்கள் வைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் சிறுமிகள் என்றே சொல்ல வேண்டிய வயதினர். அதை மழுப்பக் கூடாது. ஏற்பாடு செய்தவர்கள் அரசரின் அந்தரங்கப் பணியாளர்கள். பொம்பதூர் ஆள் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவருக்கு விஷயம் தெரியும், தடுக்கவில்லை. கல்வியும் குலமும் உள்ள போட்டியாளர் வருவதைவிட இது தனக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருப்பார். அந்த மௌனத்துக்கு அவர் பொறுப்பு. செயலுக்கு அரசர்தான் பொறுப்பு.

சரி, செல்வாக்கு செல்வாக்குன்னு சொல்றீங்களே, நடைமுறையில அது எப்படி வேலை செஞ்சுது? மந்திரிகளையே மாத்தினாங்களா?

அவருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. மந்திரி சபையில் உட்காரவில்லை, எந்த ஆணையிலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் கையில் இருந்தது வாசல். அரசரைத் தனியாகச் சந்திப்பது, இரவு விருந்துப் பட்டியலில் பெயர் வருவது, ஒரு மனு நல்ல நேரத்தில் அரசர் கண்ணில் படுவது எல்லாம் அவர் வழியாக நடந்தன. பதினைந்தாம் லூயி யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டார். சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, பிறகு கடிதம் எழுதிப் பதவி நீக்குவார். அப்படிப்பட்டவரிடம் காரியம் ஆக வேண்டியவர்களுக்கு இடையில் ஒருவர் தேவை.

பலித்த இடங்களைப் பாருங்கள். தன்னைப் பற்றிக் கேவலமான பாடல்கள் சுற்றியதன் பின்னணியில் கடற்படை மந்திரி மொரெபா இருப்பதாக அவர் நம்பினார். 1749 ஏப்ரலில் மொரெபா நாடு கடத்தப்படாத குறையாகத் தொலைவுக்கு அனுப்பப்பட்டார். பாதிரியாரும் கவிஞருமான பெர்னி 1757இல் வெளியுறவு மந்திரி ஆனார். அடுத்த ஆண்டே அவரை நகர்த்திவிட்டு ஷுவாசல் வந்தார். இருவரும் பொம்பதூர் கைதூக்கிவிட்டவர்கள். படைத்தளபதி சுபீஸும் அவருடைய நண்பர்தான்.

பலிக்காத இடங்களும் உண்டு. போர் மந்திரி தார்ஜான்சோன் அவருடைய பகிரங்க எதிரி. ஆனாலும் பல ஆண்டுகள் பதவியில் நீடித்தார். 1757 ஜனவரி 5 அன்று தாமியென் என்பவன் அரசரைக் கத்தியால் குத்தினான். காயம் பெரிதில்லை. ஆனால் அரசர் சாவு வந்துவிட்டதென்று பயந்து, பாவமன்னிப்புக் கேட்டு, நாள்கணக்கில் பொம்பதூரைப் பார்க்கவே இல்லை. அவரால் வளர்ந்த மந்திரி மஷோவே வந்து, அரண்மனையை விட்டுப் போவது நல்லது என்றார். பெட்டிகள் கட்டப்பட்டன. மிர்புவா சீமாட்டி என்ற தோழிதான், "ஆட்டத்தை விட்டு எழுந்தால் தோற்றதாக அர்த்தம்" என்ற தோரணையில் தடுத்து நிறுத்தினார். பிறகு ஒருநாள் அரசர் அவர் அறைக்கு வந்தார். பிப்ரவரி 1 அன்று மஷோ, தார்ஜான்சோன் இருவருமே பதவி இழந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுச் செல்வாக்கும் ஓர் ஆளின் மனநிலையில்தான் தொங்கியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் இல்லை.

கலைக்கு நிறைய செஞ்சாங்கன்னு சொல்றாங்களே, அது வெறும் ஆடம்பரம்தானே?

ஆடம்பரம் இருந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. வென்சனில் இருந்த பீங்கான் ஆலை 1756இல் அவருடைய பெல்வியூ மாளிகைக்கு அருகிலுள்ள செவ்ருக்கு மாறியது. 1759இல் அரசரே அதை வாங்கிக்கொண்டார். செவ்ர் பீங்கான் இன்றும் உலகப் புகழ். அரசுக் கட்டடங்களின் பொறுப்பு முதலில் தூர்னெமிடமும், 1751 முதல் பொம்பதூரின் தம்பி மரீன்யியிடமும் இருந்தது. சலுகை நியமனம்தான். ஆனால் தம்பியை முதலில் இத்தாலிக்கு அனுப்பிப் படிக்கவைத்த பிறகே பதவி வந்தது, அவரும் அதைத் திறமையாகச் செய்தார். ஏழைப் பிரபுக் குடும்பத்துப் பையன்கள் 500 பேருக்கான இராணுவப் பள்ளி 1751இல் அரசாணை பெற்றதிலும் அவருக்குப் பங்குண்டு. நெப்போலியன் படித்தது அங்கேதான்.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் லா தூர் வரைந்த அவருடைய படம் இருக்கிறது. 1755இல் மக்கள் பார்வைக்கு வந்தது. வண்ணக்குச்சியால், பல தாள்களை ஒட்டி, கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கு வரைந்தது. முகம் மட்டும் தனித் தாள். கழுத்தில் நகை இல்லை, கையில் இசைத்தாள். பக்கத்து மேசையில் நிற்கும் புத்தகங்களைக் கவனியுங்கள்: மொந்தெஸ்கியூவின் சட்டங்களைப் பற்றிய நூல், வோல்தேரின் காவியம், திதெரோவின் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி. திருச்சபை அந்தக் கலைக்களஞ்சியத்தைத் தடை செய்யச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது, 1752இல் ஒருமுறை தடையும் வந்திருந்தது. அரசரின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தது துணிச்சல். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்தப் படத்தால்தான்.

கஜானாவைக் காலி பண்ணினது அவங்கதானே?

19 ஆண்டுகளில் அவருக்காகச் செலவானது சுமார் 3 கோடியே 60 லட்சம் லீவ்ர் என்று அவருடைய கணக்குகளை வைத்துச் சொல்வார்கள். பெரிய தொகைதான். மாளிகைகளை வாங்கிக்கொண்டே இருந்தார். 1753இல் வாங்கிய எவ்ரே மாளிகைதான் இன்று பிரெஞ்சு அதிபர் வாழும் எலிசே அரண்மனை. ஆனால் 1756 முதல் 1763 வரை பிரஷ்யாவையும் இங்கிலாந்தையும் எதிர்த்து நடந்த ஏழாண்டுப் போரின் செலவு நூறு கோடி லீவ்ரைத் தாண்டியது. பிரபுக்களும் திருச்சபையும் வரிச் சுமையில் பெரும்பகுதியைத் தட்டிக்கழித்தார்கள். கஜானா ஓட்டையானது அந்த இரண்டு இடங்களில். அவர் கட்டியவையும் சேர்த்தவையும் பெரும்பாலும் அரசுச் சொத்தாகவோ ஏலத்திலோ திரும்பி வந்தன.

அப்ப அந்தப் போருக்கே அவங்கதான் காரணம்னு சொல்றது? பிரஷ்ய ராஜா கிண்டல் பண்ணினதால பழிவாங்கினாங்களாமே?

ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடெரிக் அவரை இழிவாகப் பேசியது உண்மை. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மந்திரி கௌனிட்ஸ் 1755இல் பொம்பதூர் வழியாக அரசரை அணுகியதும் உண்மை. பெல்வியூ தோட்டத்தை ஒட்டிய சிறு மாளிகையில் பெர்னியும் ஆஸ்திரியத் தூதர் ஷ்டாரெம்பெர்கும் ரகசியமாகச் சந்தித்தார்கள். இதை வைத்துத்தான் கதை கட்டப்பட்டது.

வரிசையைப் பாருங்கள். அந்தப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே கிடந்தது. 1756 ஜனவரியில் பிரெடெரிக், பிரான்ஸின் கூட்டாளியாக இருந்துகொண்டே, இங்கிலாந்தோடு உடன்படிக்கை போட்டார். அதற்குப் பிறகே மே 1 அன்று பிரான்சும் ஆஸ்திரியாவும் வெர்சாயில் கையெழுத்திட்டன. அமெரிக்காவில் இங்கிலாந்தோடு சண்டை 1754லேயே ஆரம்பித்துவிட்டது. ஆகவே கூட்டணி மாறியது அரசுகளின் கணக்கால். பொம்பதூர் திறந்துவிட்டது கதவை.

அவரைக் குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது. போரைத் திறமையானவர்களிடம் விடவில்லை. 1757 நவம்பர் 5 அன்று ரோஸ்பாகில் பிரெடெரிக்கின் சிறிய படையிடம் சிதறியது அவர் நண்பர் சுபீஸ் சேர்ந்து நடத்திய படை. அதற்குப் பிறகும் சுபீஸுக்காகப் பரிந்து பேசினார். நட்பையும் திறமையையும் போட்டுக் குழப்பிக்கொண்டது அவருடைய உண்மையான தவறு.

புதுச்சேரி பறிபோனதும் அவங்களாலதான்னு எங்க ஊர்ல சொல்வாங்க. டூப்ளேயைத் திருப்பிக் கூப்பிட்டதும் அவங்கதானா?

புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளேயைத் திருப்பி அழைத்ததில் பொம்பதூர் கையைக் காட்டும் சான்று இல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது வியாபார லாபம். டூப்ளேயின் கர்நாடகப் போர்கள் பணத்தை விழுங்கின. 1752இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்ததும் பாரிஸில் பொறுமை போய்விட்டது. 1754 ஆகஸ்டில் அவருக்குப் பதிலாக கோதேயு வந்து இறங்கினார், டூப்ளே கப்பலேறினார்.

1761இல் புதுச்சேரி பறிபோன விஷயம் வேறு. அங்கே மறைமுகத் தொடர்பு உண்டு. 1757இல் ஆஸ்திரியாவோடு போட்ட இரண்டாவது உடன்படிக்கையால் பிரான்ஸ் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களையும் ஏராளமான பணத்தையும் ஜெர்மானிய மண்ணில் கொட்ட வேண்டியதாயிற்று. கடற்படை மெலிந்தது. 1759 அக்டோபரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயின் கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டுப் போனவை திரும்பவே இல்லை. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுப் படைத்தளபதி லாலி தோற்றார். ஓராண்டு கழித்து, பசியில் வாடிய புதுச்சேரி விழுந்தது, நகரத்தை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். கூட்டணியை ஆதரித்தவர் என்ற அளவில் பொம்பதூருக்கும் இதில் பங்குண்டு. முடிவெடுத்தவர்கள் அரசரும் மந்திரிகளும்தான்.

சேசு சபையைப் பிரான்ஸை விட்டு விரட்டினது அவங்க பழிவாங்கலா?

பாவமன்னிப்பு மறுக்கப்பட்ட கதையை மேலே சொன்னேன். மனக்கசப்பு இருந்தது நிச்சயம். ஆனால் ஆரம்பம் கரீபியக் கடலில் பிரான்ஸ் வைத்திருந்த மார்த்தினிக் தீவில். அங்கிருந்த லவலெத் என்ற சேசு சபைப் பாதிரியாரின் வியாபாரம் நொடித்து, கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அது பாரிஸ் உயர்மன்றத்துக்குப் போனது. சபையைப் பல காலமாகவே வெறுத்த நீதிபதிகள் 1762இல் அதற்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தார்கள். அரசாணை வந்தது 1764 நவம்பரில். அப்போது பொம்பதூர் உயிரோடு இல்லை.

"எங்களுக்குப் பிறகு பிரளயம்" என்று சொன்னது அவரா, ராஜாவா?

ரோஸ்பாக் தோல்விச் செய்தி வந்தபோது அரசரைத் தேற்ற அவர் சொன்னதாக வழக்கு. அரசர் சொன்னதாகவும் வழக்கு. பிற்காலத்தார் நினைவிலிருந்து எழுதியதே தவிர, அந்த நேரத்தில் யாரும் பதிவு செய்ததல்ல. 1789 புரட்சிக்குப் பிறகு படிப்பவர்களுக்கு அது தீர்க்கதரிசனமாகத் தெரிகிறது, அதனால்தான் இன்னும் சுற்றுகிறது.

எப்படி இறந்தாங்க?

நுரையீரல் நோயால், 1764 ஏப்ரல் 15 அன்று, 42 வயதில். அரச குடும்பத்தார் தவிர வேறு யாரும் வெர்சாய் அரண்மனையில் சாகக் கூடாது என்பது மரபு. அரசர் அவரை அங்கேயே இருக்க அனுமதித்தார். இறுதி ஊர்வலத்தில் அரசரால் கலந்துகொள்ள முடியாது. மோசமான வானிலையில் மாடத்தில் நின்று வண்டி போவதைப் பார்த்தார். பாரிஸில் ஒரு மடத்தில், மகளின் பக்கத்தில் புதைத்தார்கள். புரட்சிக்குப் பின் அந்த மடமே இடிக்கப்பட்டதால் கல்லறை இன்று இல்லை. அவருக்காகத் திட்டமிட்ட பெத்தி த்ரியனோன் மாளிகை 1768இல்தான் முடிந்தது, அதில் அவர் ஒருநாளும் வாழவில்லை.

கடைசியா ஒண்ணு: 1789 புரட்சிக்கு அவங்களும் ஒரு காரணம்தானே?

அவர் என்பதைவிட, அரசர் நடந்துகொண்ட விதம் என்று சொல்வேன். பிரெஞ்சு அரசர் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவர் கை பட்டால் கண்டமாலை நோய் தீரும் என்பது நம்பிக்கை. நற்கருணை வாங்கிய பிறகுதான் அரசர் நோயாளிகளைத் தொடலாம். உறவுகளை விட மனமில்லாததால் 1739 முதல் பதினைந்தாம் லூயி நற்கருணை வாங்குவதை நிறுத்தினார், தொடும் சடங்கும் நின்றது. பொம்பதூர் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே அரியணையின் புனிதத்தில் விரிசல் விழுந்துவிட்டது.

அவர் காலத்தில் அந்த விரிசல் தெருவுக்கு வந்தது. அவரைப் பற்றிய பாடல்கள் அவர் குடும்பப் பெயரை வைத்தே கட்டப்பட்டுப் பாரிஸ் முழுக்கச் சுற்றின. ரொட்டி விலை ஏறினாலும், போரில் தோற்றாலும் பழி அவர் தலையில் விழுந்தது. அரசரைத் திட்டினால் சிறை என்ற நாட்டில் பக்கத்தில் நிற்கும் பெண்ணைத் திட்டுவது சுலபம். அதே வசைகள் பிறகு அரசரின் அடுத்த ஆசைநாயகி துபாரி சீமாட்டி மேலும், கடைசியில் பதினாறாம் லூயியின் ராணி மரி அந்துவானெத் மேலும் விழுந்தன.

இவ்வளவு கதை சுத்துதே, எதை நம்பிப் படிக்கிறது?

அவர் எழுதியதாக 1770களில் லண்டனிலிருந்து வந்த கடிதங்கள் போலி. பல பழைய புத்தகங்கள் அவற்றை நம்பியே எழுதப்பட்டவை. போர் மந்திரியின் அண்ணன் மார்க்கி தார்ஜான்சோனின் நாட்குறிப்பு சுவாரசியமானது. ஆனால் எழுதியவர் எதிர்முகாம் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். பணிப்பெண் துயோசே அம்மையாரின் நினைவுக்குறிப்பு அவரை உள்ளறையிலிருந்து காட்டுகிறது. என்னைக் கேட்டால் லுயின் பிரபுவின் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். அவர் ராணியின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்தவர், பொம்பதூருக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டிய அவசியமே இல்லாதவர். அவரே, இந்தப் பெண் யாரைப் பற்றியும் கெட்டதாகப் பேசுவதில்லை, தன் முன்னால் மற்றவர்கள் பேசவும் விடுவதில்லை என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்.